குப்பைத் தொட்டி தட்டிய அணிக்கு நாங்கள் எப்படிக் கைதட்டினோம்?

ஹியூஸ்டனுக்கு மேற்படிப்புக்காகப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இந்த ஊர் பேஸ்பால் அணியான ஆஸ்ட்ரோஸ் 2017இல் ஏமாற்றித்தான் ஆடியது என்று 2020 ஜனவரியில் விசாரணை அறிக்கையே சொல்லிவிட்டது. அடுத்த மாதமே பயிற்சி ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. அந்த நாட்களில் அந்த அணியின் ரசிகர்கள் தங்களுக்குள் என்னதான் பேசிக்கொண்டார்கள்? வெட்கமாக இல்லையா?"

வெட்கமாக இருந்தது. ஆனால் அது நேர்வழியில் வந்து சேரவில்லை. முதலில் கோபமாக வந்தது, பிறகு கணக்காக வந்தது, நடுவில் கேலியாகவும் கொஞ்ச நாள் திரிந்தது. தன் சொந்த முகத்தோடு அது எங்கள் முன்னால் வந்து நிற்கப் பிப்ரவரி பாதி ஆகிவிட்டது.

நான் 2008 முதல் இந்த ஊரில் இருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பாலை, ஓவர் கணக்கே இல்லாத ஆட்டம் என்று சில வருடங்கள் ஒதுக்கி வைத்திருந்தவன். என்னை அதற்குள் இழுத்துப் போட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1965இல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட மைதானம் திறந்தபோது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன சிறுவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பிப்ரவரியில் நாங்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் அவர் வீட்டு முன்வாசலில் இரண்டு மடக்கு நாற்காலிகளில்தான் நடந்தது. அவ்வப்போது எதிர்வீட்டு இளைஞனும் வந்து சேர்ந்துகொள்வான்.

இந்த அணியோடு ஊருக்கு இருந்த ஒட்டுதல் தெரியாவிட்டால் அந்தப் பேச்சு புரியாது. 2011இல் 106 தோல்வி, 2012இல் 107, 2013இல் 111. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள். 2013இல் ஓர் ஆட்டத்துக்கு உள்ளூர்த் தொலைக்காட்சி மதிப்பீடு பூஜ்யம் என்று வந்து நாடே சிரித்தது. தோற்கும் அணிக்குத்தான் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை. அதனால் சில வருடம் தோற்றால் பரவாயில்லை என்பது 2011 கடைசியில் பொது மேலாளராக வந்த ஜெஃப் லூனோவின் கணக்கு. ஒரு விளையாட்டுப் பத்திரிகை 2014இலேயே, 2017இன் சாம்பியன் இவர்கள்தான் என்று அட்டைப்படம் போட்டது. நாங்கள் அதை நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

பிறகு 2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். ஊர் மூழ்கிக் கிடந்ததால் அணி தன் 'சொந்த மண்' ஆட்டங்களை ஃபுளோரிடாவில் போய் ஆட வேண்டியதாயிற்று. செப்டம்பர் 2 அன்று திரும்பி வந்து ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள். நவம்பர் 1 இரவு லாஸ் ஏஞ்சலிஸில் டாட்ஜர்ஸ் அணியை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தி, பருவத்தின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் கோப்பையை வென்றபோது, பெரியவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு அழியாமல் இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே மாட்டியிருந்த தொலைக்காட்சியில்தான் நாங்கள் அந்த வெற்றியைப் பார்த்தோம். அவர் அழுதார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2020இல் எங்களிடமிருந்து பறிக்கப்படப் போவதாக நாங்கள் பயந்தது கோப்பையை விட அந்த இரவைத்தான்.

இனி ஏமாற்று எப்படி நடந்தது என்பது. கிரிக்கெட் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது.

பேஸ்பாலில் பிட்சர் என்ன பந்து வீச வேண்டும் என்பதை எதிரே குந்தியிருக்கும் கேட்சர்தான் விரலால் சைகை காட்டிச் சொல்வார். ஒரு விரல் என்றால் பெரும்பாலும் வேகப்பந்து. இரண்டு என்றால் வளைந்து விழும் பந்து. மெதுவாக வரும் சேஞ்ச்அப்புக்கு வேறொரு கணக்கு. பேட்டருக்கு முதுகுப்புறம், தொடைகளுக்கு இடையில் காட்டப்படும் சைகை அது. வீசும் இடத்துக்கும் அடிக்கும் இடத்துக்கும் நடுவே அறுபதரை அடி. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் பாதிகூட ஆகாது. அதற்குள் பந்து நேராக வருமா, கீழே சரியுமா, வேகம் குறைந்து ஏமாற்றுமா என்று பேட்டர் முடிவு செய்தாக வேண்டும். எந்தப் பந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், தேர்வுக்கு முதல் நாள் வினாத்தாள் கையில் கிடைத்த மாதிரி. விடையை எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

பிட்சருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது பேஸில் நிற்கும் ஓட்டக்காரர் கேட்சரின் விரலைக் கண்ணால் பார்த்து, தன் அணி பேட்டருக்குக் குறிப்புக் கொடுப்பது குற்றமில்லை. நூறு வருடப் பழக்கம் அது; திறமை என்றுகூடச் சொல்வார்கள். கருவியைக் கொண்டு திருடுவதுதான் குற்றம். நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய 2014 முதல் அணிகளுக்கு வீடியோ அறை வந்தது. சனியன் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. ஆஸ்ட்ரோஸ் தங்கள் மைதானத்தின் நடு எல்லைக் கோட்டருகே இருந்த கேமராவின் படத்தை, வீரர்கள் அமரும் டக்அவுட்டுக்குப் பின்னால் உள்ள நடைபாதையில் ஒரு திரையில் வரவழைத்தார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி. கைதட்டியும் சீட்டியடித்தும் கத்தியும் பார்த்துவிட்டு, கடைசியில் தொட்டியை மட்டையால் அடிப்பதே சரிப்படும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். சில சமயம் தசைப்பிடிப்பு நீக்கும் கைக்கருவியாலும் அடித்தார்களாம். ஓசை கேட்டால் வளைபந்தோ மெதுபந்தோ வருகிறது. ஓசை இல்லையென்றால் வேகப்பந்து. பல கோடி டாலர் சம்பளம், கணினிப் புள்ளியியல், மேலாண்மைத் தத்துவம் எல்லாம் சேர்ந்து வந்து நின்ற இடம் ஒரு குப்பைத் தொட்டி. எங்கள் பெரியவரால் இதைத்தான் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. "திருடுவது என்று ஆகிவிட்டது, அதையாவது கௌரவமாகத் திருடக் கூடாதா?" என்பார்.

(1951இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி நடு எல்லைக்கு அப்பாலிருந்த அறையில் தொலைநோக்கி வைத்துச் சைகை பார்த்து, மின்மணி அடித்துத் தகவல் அனுப்பியது. அவர்கள் எவ்வளவோ நாகரிகம்.)

2019 நவம்பர் 12 அன்று இது வெளியே வந்தது. 2017இல் ஆஸ்ட்ரோஸ் அணியிலேயே இருந்த மைக் ஃபயர்ஸ் என்ற பிட்சர், தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிச் செய்தியாளர்களிடம் பேசினார். அன்றைக்கே ஒருவர் பழைய ஒளிபரப்பை எடுத்து, ஓசை எங்கே கேட்கிறது என்று வெட்டிக் காட்டிய காணொளி ஊரெங்கும் பரவியது. அதன்பின் மறுப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ஜனவரி 13 அன்று லீக்கின் ஆணையர் ராப் மேன்ஃபிரெட் தீர்ப்புச் சொன்னார்: 50 லட்சம் டாலர் அபராதம், 2020, 2021 இரண்டு வருடத்துக்கும் முதல் இரண்டு சுற்று வீரர் தேர்வு உரிமை பறிப்பு, லூனோவுக்கும், களத்தில் அணியை நடத்தும் மேலாளர் ஏ.ஜே. ஹின்ச்சுக்கும் ஒரு வருடத் தடை. அணியின் உரிமையாளர் ஜிம் கிரேன் அன்றே இருவரையும் வேலையை விட்டு அனுப்பினார். 2017இல் இங்கே துணைப் பயிற்சியாளராக இருந்த அலெக்ஸ் கோரா பாஸ்டனில் பதவி இழந்தார். வீரராக இருந்த கார்லோஸ் பெல்ட்ரான், நியூயார்க் மெட்ஸ் மேலாளராகி ஓர் ஆட்டம்கூட நடத்தாமல் விலகினார்.

வீரர்களுக்கு ஒரு தண்டனையும் கிடையாது. உண்மையைச் சொன்னால் தண்டிக்க மாட்டோம் என்ற உறுதிமொழியின் பேரில்தான் அவர்கள் வாய் திறந்தார்கள். இது கோராவைத் தவிர வீரர்களே நடத்திய வேலை என்று அறிக்கை சொல்கிறது. அதே வேலைக்கு அந்த வீரர்களில் ஒருவரும் ஒரு நாள்கூட வெளியே உட்காரவில்லை. அந்த அறிக்கையில் ஒரு வரி என்னை இன்றும் உறுத்தும். ஹின்ச்சுக்கு இந்த வேலை பிடிக்கவில்லையாம். அந்தத் திரையை இரண்டு முறை அடித்து உடைத்தாராம். இரண்டு முறையும் புதுத் திரை வந்து மாட்டப்பட்டது. ஒரு மேலாளர், தன் கீழே ஆடும் பையன்களைக் கூப்பிட்டு 'நிறுத்துங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல், போய்த் திரையை உடைத்துவிட்டு வருகிறார். இதை நினைத்தால் கோபத்தைவிடப் பரிதாபம்தான் மேலோங்குகிறது.

சரி, பிப்ரவரிக்கு வருகிறேன்.

வசந்தகாலப் பயிற்சி என்பது பேஸ்பால் ரசிகர்களுக்குத் தை பிறக்கிற மாதிரி. முடிவுகளுக்கு மதிப்பில்லாத ஆட்டங்கள். யாருக்கு இடம் கிடைக்கும், யார் உடம்பு தேறியிருக்கிறது என்று சும்மா பேசிக்கொண்டிருப்பதே இன்பம். அந்த வருடம் பேச விஷயமும் நிறைய இருந்தது. எங்கள் அணியின் பெரும் பலமாக இருந்த பிட்சர் கெரிட் கோல், 32.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் யாங்கீஸுக்குப் போய்விட்டார். ஜஸ்டின் வெர்லாண்டருக்கும் கிரேங்கிக்கும் அடுத்து யார்? முழங்கை அறுவைச் சிகிச்சையால் 2019 முழுவதும் ஆடாத மக்கல்லர்ஸ் பழையபடி வீசுவாரா? யோர்டான் அல்வரெஸ் அறிமுகப் பருவத்தில் அடித்தது போலவே இந்த வருடமும் அடிப்பாரா? இப்படித்தான் எங்கள் மாலைப் பேச்சு தொடங்கும். "மக்கல்லர்ஸ் வளைபந்து இந்தத் தடவை..." என்று பெரியவர் ஆரம்பிப்பார். "வளைபந்து என்றாலே தொட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது" என்பான் எதிர்வீட்டு இளைஞன். அவ்வளவுதான், அன்றைய பயிற்சிப் பேச்சு முடிந்தது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் அந்தக் குப்பைத் தொட்டி குறுக்கே கிடந்தது.

முதலில் எங்களிடம் இருந்த வாதம், 'எல்லா அணியும்தான் செய்தது'. பொய்யும் இல்லை. 2017இலேயே பாஸ்டன் அணி கைக்கடிகாரத்தைப் பயன்படுத்திச் சைகை கடத்தியதற்கு அபராதம் கட்டியது. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், செப்டம்பர் 15 அன்று, இனி இப்படி நடந்தால் பொது மேலாளரும் மேலாளருமே பொறுப்பு என்று ஆணையர் எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். ஆஸ்ட்ரோஸ் அதைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. இறுதிச் சுற்று ஆட்டங்களிலும் தொடர்ந்தார்கள் என்பது அறிக்கை. அதனால் அந்த வாதத்தை நான் சீக்கிரமே கைவிட்டேன். எதிர்வீட்டு இளைஞன் கடைசிவரை விடவில்லை. ஃபயர்ஸ் துரோகி என்றும் சொன்னான். அந்த மனிதருக்குக் கொலை மிரட்டல் வரை போனது இந்த மனப்போக்கில்தான். கோப்பை வென்றவர்களுக்குத் தரும் 2017இன் மோதிரத்தை வாங்கிக்கொண்டு இரண்டு வருடம் கழித்துப் பேசினாரே என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் வாய் திறந்தவர் அவர் ஒருவர்தானே.

இரண்டாவது, கணக்கு. நாங்கள் எல்லோரும் அந்த மாதம் புள்ளியியல் நிபுணர்கள் ஆகிவிட்டோம். 2017இல் ஆஸ்ட்ரோஸ் சொந்த மண்ணில் 48 வெற்றி, வெளியூரில் 53. ஏமாற்று நடந்தது வீட்டில். அதிகம் வென்றது வெளியில். இதைக் கண்டுபிடித்த அன்று எங்களுக்கு ஏதோ வழக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது. அடுத்த நாளே இன்னொரு கணக்கு வந்து அதைத் தின்றுவிட்டது: அதே வருடத்து இறுதிச் சுற்றுகளில் வீட்டில் 8 வெற்றி, 1 தோல்வி; வெளியில் 3 வெற்றி, 6 தோல்வி. அடிக்க முடியாமல் ஆட்டமிழப்பது 2016இல் 1452 முறை. 2017இல் 1087 முறை, அந்த வருடம் எல்லா அணிகளிலும் குறைவு. ஆட்களை மாற்றினார்கள், அதனால் குறைந்தது என்று சொல்லலாம். தொட்டியால் குறைந்தது என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரித்தெடுக்க ஒரு தராசும் இல்லை. இதுதான் ஏமாற்றின் உண்மையான சேதம் என்று எனக்குப் படுகிறது: அந்த அணி நிஜமாகவே எவ்வளவு திறமையான அணி என்று எங்களுக்கே இனித் தெரியாது.

அந்தக் கணக்குகளில் மிகப் பெரியதைச் செய்தவர் ஓர் ஆஸ்ட்ரோஸ் ரசிகர் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இணையதளம் வடிவமைப்பது அவர் தொழில். 2017இன் 58 உள்ளூர் ஆட்டங்களின் ஒளிபரப்பை எடுத்து, 8274 பந்துகளையும் ஒலிவரைபடத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்டு, 1143 இடத்தில் தொட்டியோசை இருக்கிறது என்று பட்டியலிட்டு ஜனவரி கடைசியில் வெளியிட்டார். தன் அணிக்கு எதிரான சாட்சியத்தை ராத்திரி பகலாக உட்கார்ந்து தானே எண்ணியிருக்கிறார். 'ரசிகன்' என்ற சொல்லுக்கு அந்த மாதத்தில் நான் கண்ட மிகச் சரியான பொருள் அவர்தான். அந்தப் பட்டியலில் ஹோசே அல்தூவே பெயருக்கு எதிரே வெறும் 24 ஓசைகள். அன்று மாலை முன்வாசலில் கிட்டத்தட்டத் திருவிழா. ஐந்தரை அடி உயரத்தில் இருந்துகொண்டு 2017இன் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய மனிதர், எங்கள் செல்லப்பிள்ளை, அவர் அதிகம் கேட்கவில்லை! ஆனால் பெரியவர் கொஞ்ச நேரம் கழித்து, "24 என்றால் பூஜ்யம் இல்லையே" என்றார்.

அதே பட்டியலில்தான் மைக் போல்ஸிங்கரின் கதையும் இருந்தது. 2017 ஆகஸ்ட் 4 அன்று டொராண்டோ அணிக்காக இங்கே வீச வந்த பிட்சர். அவர் வீசியது 29 பந்துகள். வாங்கிய விக்கெட் என்று நம் மொழியில் சொன்னால், ஒன்று. நான்கு ஓட்டங்கள் கொடுத்தார். அந்த 29 பந்துகளில் 12க்குத் தொட்டியோசை இருந்தது; அந்தப் பருவத்தில் வேறு எந்த ஆட்டத்தையும்விட அன்றுதான் அதிகமாகத் தட்டியிருக்கிறார்கள். ஆஸ்ட்ரோஸ் 16-7 என்று வென்றது. அதன்பிறகு போல்ஸிங்கர் பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. 2020 பிப்ரவரியில் அவர் வழக்குத் தொடுத்தபோதுதான் எனக்கு அந்தப் பெயரே தெரியும். கோப்பை, மோதிரம், விருது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் பணக்காரர்கள் பணக்காரர்களிடம் இழந்தது. இந்த மனிதர் இழந்தது வேலை. அன்று ஆட்டம் பார்த்த எங்களுக்கு அவர் வெறும் சிரிப்புக்குரிய ஒரு பிட்சர். எங்கள் பேட்டர்கள் போட்டு உடைத்த ஆள். அதற்குப் பிறகு எதிர்வீட்டு இளைஞன்கூட 'எல்லா அணியும்தான்' என்பதைச் சற்று மெல்லிய குரலில் சொன்னான்.

பிப்ரவரி 13 வந்தது. இதுபற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மனது திரும்பியது அன்றுதான்.

ஆஸ்ட்ரோஸின் பயிற்சி மைதானம் ஃபுளோரிடாவில் வெஸ்ட் பாம் பீச்சில் இருக்கிறது. அதை அவர்கள் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியோடு பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதாவது மூன்றரை மாதம் முன்பு இதே ஆஸ்ட்ரோஸை வேர்ல்டு சீரிஸில் தோற்கடித்த அணியோடு. விதி சில சமயம் ரொம்பவே மெனக்கெடுகிறது. அங்கேதான் அணி முறையாக மன்னிப்புக் கேட்கப்போகிறது என்று அறிவித்தார்கள். ஒரு மாதமாக நாங்கள் காத்திருந்தது அதற்குத்தான். அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

அல்தூவேயும் அலெக்ஸ் பிரெக்மனும் ஆளுக்கொரு சின்ன அறிக்கை வாசித்தார்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றரை நிமிடம் இருந்தால் அதிகம். பள்ளியில் ஜன்னலை உடைத்த பையனைத் தலைமையாசிரியர் காலை வழிபாட்டில் நிறுத்தி வாசிக்கச் சொன்ன மாதிரி. பிறகு உரிமையாளர் கிரேன் பேசினார். இது ஆட்டத்தைப் பாதிக்கவில்லை என்பதே எங்கள் கருத்து, எங்களிடம் நல்ல அணி இருந்தது என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு செய்தியாளர் அதையே திருப்பிக் கேட்டதும், ஆட்டத்தைப் பாதிக்கவில்லை என்று நான் சொல்லவில்லையே என்றார். தான் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

அன்று மாலை பெரியவர் வீட்டுக்குப் போனபோது அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "நான் ஒரு மாதமாக எவனெவனிடமோ இவர்களுக்காகச் சண்டை போட்டேன். இவர்களால் எனக்காக அஞ்சு நிமிஷம் பேச முடியவில்லை" என்றார். அவர் மைத்துனர் டாலஸ்காரர். ஜனவரி முழுக்கத் தொலைபேசியில் குத்திக்காட்டிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு முறையும் இவர் எதிர்த்துப் பேசியிருக்கிறார். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் அவருடைய அந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. எங்களுக்குள் அந்த நாட்களில் ஓடிய பேச்சில் பாதி, அந்த வீரர்கள் மைக்கின் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. அவர்கள் சொல்லாததை நாங்கள் ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சென்னைக்காரர்களுக்கு இது ஓரளவு தெரிந்த வலிதான். 2015இல் சூப்பர் கிங்ஸுக்கு இரண்டு வருடத் தடை வந்தபோது மஞ்சள் சட்டையை மடித்து வைத்துக் காத்திருந்தோமே, 2018இல் திரும்பி வந்து கோப்பையும் வாங்கினார்களே. நான்கூட முதலில் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். ஆனால் அங்கே மாட்டியது நிர்வாகத்தோடு தொடர்புடையவர். மைதானத்தில் ஆடியவர்கள்மேல் ரசிகன் மனம் கசக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே நேர்மாறு: ஆடியவர்கள் செய்தார்கள், நிர்வாகம் தண்டனை வாங்கியது. இதைவிட, 2018 மார்ச்சில் கேப் டவுனில் பந்தைச் சுரண்டி மாட்டிய ஆஸ்திரேலியர்களோடு ஒப்பிடுவது பொருந்தும். ஸ்மித்தும் வார்னரும் ஒரு வருடம் வெளியே இருந்தார்கள். ஸ்மித் சிட்னி விமான நிலையத்தில் எல்லோர் முன்னாலும் உடைந்து அழுதார். அந்த அழுகையைப் பார்த்த பிறகு எதிரிகள்கூடக் கொஞ்சம் இளகினார்கள். ஒன்றரை நிமிட அறிக்கையைப் பார்த்து யார் இளகுவார்கள்?

யாரும் இளகவில்லை. டாட்ஜர்ஸின் கோடி பெல்லிஞ்சர், அல்தூவே அந்த விருதை யாங்கீஸின் ஆரன் ஜட்ஜிடமிருந்து திருடினார், மோதிரத்தை எங்களிடமிருந்து திருடினார்கள் என்று நேராகவே சொன்னார். எங்கள் கார்லோஸ் கொரியா, தெரியாவிட்டால் பேசாமல் இருக்கட்டும், அல்தூவே தொட்டியைப் பயன்படுத்தவில்லை என்று பதிலடி கொடுத்தார். அதிலே ஒரு வேடிக்கை. 2019 அக்டோபரில் யாங்கீஸுக்கு எதிராக வெற்றி ஹோம் ரன் அடித்துவிட்டு வந்த அல்தூவே, சட்டையைக் கிழிக்காதீர்கள் என்று தோழர்களிடம் சைகை காட்டியதைப் பார்த்து, உள்ளே அதிர்வுக்கருவி கட்டியிருந்தார் என்று ஒரு வதந்தி. ஆணையரின் விசாரணையில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கொரியா சொன்ன காரணம்: காறை எலும்பருகே அரைகுறையாகப் போட்ட பச்சை குத்தல் ஒன்று அசிங்கமாக இருந்ததாம், அதைக் காட்டக் கூச்சமாம். நம்பலாமா கூடாதா என்று எங்கள் முன்வாசலில் ஒரு மாலை முழுவதும் ஓடியது. நான் நம்புகிறேன். அதைவிட மோசமான பொய்யை யாரும் யோசித்துச் சொல்ல முடியாது. ஆகவே உண்மையாகத்தான் இருக்கும்.

ஆணையர் தன் பங்குக்கு, பட்டத்தைப் பறிப்பதால் என்ன பயன் என்று விளக்கப்போய், வேர்ல்டு சீரிஸ் கோப்பையை 'உலோகத் துண்டு' என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து அதற்கு மன்னிப்புக் கேட்டார். அந்தக் கோப்பைக்குப் பெயரே ஆணையர் கோப்பை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்பதில் அந்த மாதம் எவருக்குமே பயிற்சி இல்லை. பயிற்சிக் காலம் என்று பெயர் மட்டும்.

பிப்ரவரி 22 அன்று முதல் பயிற்சி ஆட்டம், அதே நேஷனல்ஸுக்கு எதிராக. தங்கள் சொந்தப் பயிற்சி மைதானத்திலேயே ஆஸ்ட்ரோஸுக்கு வசைக் கூச்சல்தான் வரவேற்பு. ரசிகர்கள் எழுதிக் கொண்டுவந்த அட்டைகளை ஊழியர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி ஆட்டத்தைவிடப் பெரிதாக ஓடியது. நல்லவேளை, மழை வந்து இரண்டாவது இன்னிங்ஸோடு ஆட்டம் நின்றது. பெரியவர், "வருணபகவான் ஆஸ்ட்ரோஸ் ரசிகர்" என்று பொருள்படும் எதையோ டெக்ஸாஸ் பாணியில் சொன்னார்.

சூதாட்டக்காரர்கள் அதற்குள் புதுச் சந்தை திறந்திருந்தார்கள்: இந்தப் பருவத்தில் ஆஸ்ட்ரோஸ் பேட்டர்கள் எத்தனை முறை பந்தால் உடம்பில் அடி வாங்குவார்கள்? 83.5க்கு மேலா, கீழா என்பது பந்தயம். எதிரணி பிட்சர்கள் சிலர் வெளிப்படையாகவே அடிப்போம் என்கிற ரீதியில் பேசினார்கள். புதிய மேலாளராக வந்திருந்த டஸ்டி பேக்கர், எழுபது வயதுக்காரர், தான் செய்யாத தவறுக்காகத் தினமும் மைக் முன்னால் உட்கார்ந்து, வேண்டுமென்றே அடிப்பதை லீக் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பல் குத்தும் குச்சியை வாயில் வைத்தபடி அவர் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டுப் பிள்ளைகள் தெருவில் கல்லெறிந்ததற்கு ஊர்ப் பஞ்சாயத்தில் கைகட்டி நிற்கும் தாத்தா நினைவுதான் வரும். அந்த அணியை அந்த வருடமும் நாங்கள் விடாமல் பார்த்தோம் என்றால் அதற்குப் பாதிக் காரணம் அவர்.

மார்ச் 12 அன்று கொரோனாவால் பயிற்சியே நிறுத்தப்பட்டது. ஜூலை கடைசியில் 60 ஆட்டப் பருவம் தொடங்கியபோது மைதானங்களில் ஆளில்லை. எங்களுக்கு விழ வேண்டிய வசவு ஒரு வருடம் தள்ளிப்போனது. அல்தூவே அந்தப் பருவத்தில் .219 சராசரிதான் அடித்தார். தொட்டி இல்லாமல் இவ்வளவுதான் என்று சிரித்தார்கள். அடுத்த வருடங்களில் பழையபடி அடித்தார்; அப்போது ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. 2021 ஏப்ரலில் அனஹைம் ரசிகர்கள் காற்றடைத்த குப்பைத் தொட்டியை மைதானத்துக்குள் வீசினார்கள். 2022இல் பேக்கர் தலைமையில் ஆஸ்ட்ரோஸ் மீண்டும் கோப்பை வென்றது. அதே வருடம் கேட்சர் விரலுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தி பிட்சரின் காதுக்கே தகவல் அனுப்பும் கருவி லீக்கில் வந்துவிட்டது. விரல் சைகையைத் திருடும் வித்தைக்கு இனி அவ்வளவாக வேலை இல்லை.

நீங்கள் வெட்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

நவம்பரில் பரவிய அந்தக் காணொளியில் இருந்தது 2017 செப்டம்பர் 21 ஆட்டம். சிகாகோ வொயிட் சாக்ஸின் டேனி ஃபார்குவர் வீசுகிறார். சேஞ்ச்அப் சைகை காட்டப்படும்போதெல்லாம் தொட்டியோசை. மூன்றாவது முறை கேட்டதும் அவர் வீசும் மேட்டிலிருந்து இறங்கிவிடுகிறார். கேட்சரைக் கூப்பிட்டுக் கையுறையால் வாயை மறைத்துப் பேசுகிறார். சைகைகளை மாற்றிக்கொள்கிறார்கள். அதன்பின் ஓசை நின்றுவிடுகிறது.

அன்று இரவு நான் அந்த மைதானத்தில் இருந்தேன். ஹார்விக்குப் பிறகு நான் போன முதல் ஆட்டம். பெரியவரும் கூட வந்திருந்தார். தொட்டியோசை எங்கள் வரிசை வரை கேட்டதா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் ஆயிரம் சத்தம், நினைவில்லை. ஆனால் அந்த பிட்சர் இறங்கி நின்று தாமதப்படுத்தியது நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் வேலை நாள், வீட்டில் வெள்ளத்தில் நனைந்த சுவர்ப்பலகைகளை மாற்ற ஆள் வரப்போகிறான். நாங்கள் இருவரும் எழுந்து நின்று அந்த மனிதரைப் பார்த்து, "சும்மா நிற்காதே, பந்தை வீசு" என்று தொண்டை கிழியக் கத்தினோம்.